கூட வர ஒரு ஆள்

சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த மஞ்சப்பையை எடுத்து அந்த அக்கா திண்ணையில் கவிழ்த்தார். மூன்று சீட்டுகள் விழுந்தன. மூன்றிலும் என் கையெழுத்து. முதல் சீட்டின் மடிப்பு நைந்துபோயிருந்தது, ஓரத்தில் மஞ்சள் கறை. ஒன்பது மாதத்தில் மூன்று முறை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடப் போகவில்லை. சீட்டுகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"ஏன்க்கா போகலை?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது உண்மை.

"யாரு கூடப் போறது?" என்றார்.

வேறெதுவும் சொல்லவில்லை. நான் அவருக்கு நோயைப் பற்றி அவ்வளவு விளக்கியிருக்கிறேன், எந்த அறைக்குப் போகணும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

நான் பென்னாகரம் பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், பிறந்தது பாலக்கோடு பக்கம். மகளிர் குழுவில் இருந்ததால் சுகாதாரத் தன்னார்வலர் வேலை கிடைத்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எங்கள் ஊருக்கும் பிரஷர் மெஷினும் சுகர் மெஷினும் வந்தன. வீடு வீடாகப் போய் அளந்து பார்ப்பது, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது, அளவு கூடியவர்களை டாக்டரிடம் அனுப்புவது, இதுதான் வேலை. பிரஷர் 140-க்கு 90, சுகர் எப்போது குத்திப் பார்த்தாலும் 140. இதற்கு மேலே போனால் அனுப்பணும். ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு ஒரே எண்.

எங்கள் மாமியார் பழைய சங்கத்துக்காரர். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் ஆரம்பித்ததே எங்கள் ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாமியார் சேர்ந்தபோது வீட்டில் சாப்பாடு போட மாட்டேன் என்று சொன்னார்களாம். சங்கத்துப் பெண்கள் நாலு பேர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் விட்டார்களாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். வாசலில் வந்து உட்கார நாலு பேர் இருக்கணும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

என் முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். ஆரம்பத்தில் தெருக்குழாய் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் அளந்து பார்ப்பேன். ஒரே இடத்தில் முப்பது பேர், வேலை சீக்கிரம் முடியும். ஒரு பெண்ணுக்கு, வயது இருபத்தாறு இருக்கும், சுகர் 286 காட்டியது. பதறிப்போய்ச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். குடத்தோடு நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "இந்த வயசுல சக்கரையா, புள்ளை எப்படி நிக்கும்" என்று அன்று சாயந்தரமே பேச்சு கிளம்பிவிட்டது. அவளுக்குக் குழந்தை இல்லை. அதன்பிறகு ஆறு மாதம் அவள் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. மாத்திரையை மாமியாரிடம் கொடுத்து அனுப்பினேன், அவள் சாப்பிட்டாளா என்று தெரியாது. இப்போதெல்லாம் யாருக்கு அளந்தாலும் எண்ணை எழுதிக் காட்டுகிறேன், வாயால் சொல்வதில்லை. குழாயடி, டீக்கடை, நூறுநாள் வேலை நடக்கிற இடம், எங்கேயும் அளப்பதில்லை. வீட்டுக்குள் ஒரு மூலை போதும்.

அளப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. தண்ணீர்க்குடம் இறக்கின கையோடு பட்டையைக் கட்டினால் யாருக்குமே பிரஷர் கூடத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சுவரில் சாய்ந்து உட்காரச் சொல்லணும். காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கிற மாதிரி முறத்தையோ தலையணையையோ வைத்து, பேச்சில்லாமல் இருக்கச் சொல்லணும். காபி குடித்த உடனே வேண்டாம். அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குப் பெரிய லாபம். சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்கள் எங்கள் பக்கம் அபூர்வம். உட்கார வைத்துவிட்டால், அளந்து முடித்த பிறகு ஏதாவது ஒன்று சொல்லுவார்கள்.

அதைவிட நல்ல இடம் புளி தட்டுகிற இடம். மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு, மரத்தடிக்கு மரத்தடி புளி மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கட்டையால் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டையை வெளியே எடுக்கணும். பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தால் டக், டக் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நானும் ஒரு கட்டையை எடுத்து உட்கார்ந்தேன். கை வேலையில் இருக்கும், கண் புளியில் இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அரைமணி நேரத்தில், "எனக்குத் தீட்டு நின்னும் திரும்பத் திரும்பப் படுது" என்று ஒரு குரல். "எனக்கும் வெள்ளை படுது, நாத்தம் அடிக்குது" என்று இன்னொன்று. மஞ்சப்பை அக்கா முதன்முதலில் வாயைத் திறந்ததும் அங்கேதான். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு வருஷமாக மாதவிலக்குக்கு இடையிலும் உதிரம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவருக்குத்தான் மூன்று சீட்டு எழுதினேன்.

"யாரு கூடப் போறது" என்ற கேள்விக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கிறது என்று அன்று உட்கார்ந்து கேட்டேன். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, மாசம் ஒருமுறை வருவார். மகன் படிக்கிறான், அவனிடம் இதைச் சொல்ல முடியாது. இரண்டு கறவை மாடு. காலை ஆறு மணிக்கும் சாயந்தரம் நாலரைக்கும் சொசைட்டிக்குப் பால் ஊற்றணும். ஒருவேளை போய் வர நேரமாகிவிட்டால் மடி கட்டிவிடும். போன தடவை பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு மருத்துவமனைக்குத் தனியாகப் போய், எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் நின்று, "எழுதப் படிக்கத் தெரியாதா, அங்க போ" என்று அதட்டு வாங்கி, பார்க்காமலேயே திரும்பி வந்த கதையும் அவருக்குத் தெரியும். இதெல்லாம் போக, அந்தப் பரிசோதனையில் கத்தி வைப்பார்கள், கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் இத்தனை நாளாக நோயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம் குழுக் கூட்டத்தில், அக்காவின் பெயரைச் சொல்லாமல், "ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா உங்களை எது தடுக்குது" என்று மட்டும் கேட்டேன். பதிமூன்று பேரில் ஏழு பேர் மாடு என்றார்கள். மாமியார், புருஷன், பயம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. அங்கேயே ஒரு ஏற்பாடு செய்தோம். யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அன்று சாயந்தரம் பக்கத்து வீட்டு உறுப்பினர் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுவார். போகிறவரோடு கூட ஒருவர் போவார். பஸ்ஸில் மகளிருக்கு இலவசம், சாப்பாட்டுச் செலவுக்கு அவசரக் கடனில் எடுத்துக்கொள்ளலாம். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். எழுதி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் மறந்துவிடும்.

மூன்று பேராகப் போனோம், அவருக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு அத்தை. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போகணும் என்பதை மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். உள்ளே நர்சம்மா என்னையும் கூட இருக்க விட்டார்கள். படுக்க வைத்து, கருவி ஒன்றை வைத்துப் பார்த்து, பஞ்சில் அசிட்டிக் அமிலம், நம் வினிகர் மாதிரியானதுதான், அதைத் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்தார்கள். ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். வெட்டு இல்லை, ஊசி இல்லை. அக்கா என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார், வளையல் பதிந்த தடம் வீடு வரும்வரை இருந்தது. வெள்ளையாகத் தெரிந்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இரண்டு முறை போனோம், சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் அப்படி மாறக்கூடிய நிலை என்றார் டாக்டரம்மா. அதற்கான சிகிச்சையைச் செய்து அனுப்பினார்கள். கர்ப்பப்பையை எடுக்கவில்லை.

முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லோரும் இதைச் செய்துகொள்ளணும், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. அது தொற்றி, புற்றாக மாறப் பல வருஷம் ஆகும். அந்தப் பல வருஷம்தான் நமக்குக் கிடைக்கிற நேரம். உறவுக்குப் பின் உதிரம் படுகிறவர்கள், மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி படுகிறவர்கள் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கவே கூடாது.

கர்ப்பிணிகள் விஷயம் வேறு மாதிரி. அவர்கள் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பம் தெரிந்தவுடன் நர்சம்மாவிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கணும், பேங்க் கணக்கு அவள் பெயரிலேயே இருக்கணும், அவ்வளவுதான். பெங்களூருக்கு மேஸ்திரி கூட்டிப் போகிற பெண்கள் அந்த எண்ணையும் தாய் சேய் நல அட்டையையும் துணிப்பையோடு எடுத்துப் போகணும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிரஷர் மாத்திரைக்காரர்களும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சொன்னால், இருக்கிற நாளுக்குச் சேர்த்துக் கேட்டு வாங்கித் தர முடிகிறது.

இரும்புச்சத்து மாத்திரை விழுங்குவதில்தான் சிக்கல். ஒருத்திக்கு ரத்த அளவு (ஹீமோகுளோபின்) எட்டிலேயே நின்றது. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்கணும். "தினமும் சாப்பிடுறேன்க்கா" என்றாள். ஒருநாள் அவள் வீட்டில் ராகி மாவு எடுக்க டப்பாவைத் திறந்தபோது அடியில் சிவப்பு மாத்திரை அட்டைகள், ஒன்றும் பிரிக்காமல். திட்டவில்லை. "எதுக்குப் புடிக்கலை?" என்று கேட்டேன். குமட்டுது, மலம் கறுப்பாகப் போகுது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று ஆயா சொன்னது, பெருத்துப்போய் ஆபரேஷன் ஆகும் என்று சித்தி சொன்னது, நாலையும் சொன்னாள். ஆயாவையும் உட்கார வைத்தேன். மலம் கறுப்பது மாத்திரையில் இருக்கிற இரும்பால், அது குழந்தையைத் தொடாது. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடணும், அதோடு குடித்தால் சத்து சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடக்கூடாது, ஒன்று காலை, ஒன்று ராத்திரி. இதையெல்லாம் ஆயாவிடமே ஒப்படைத்தேன். "ராத்திரி களி போட்டதும் மாத்திரையை நீங்க கையில குடுங்க ஆயா, உங்க பேத்தி உங்க பேச்சைத்தான் கேப்பா." ஆயா காலி அட்டைகளை ஊதுபத்தி டப்பாவில் சேர்த்து வைத்து எனக்கு எண்ணிக் காட்டுவார். பிரசவத்துக்கு முன் பத்தரை வந்தது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லணும், இது எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் சொந்தக் கவலை. போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு. பல்லில் கறை, நாற்பது தாண்டினால் முட்டி மடங்காது, இடுப்பு நிமிராது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. குடிக்க அதைப் பிடிக்கிறார்கள், உலை வைக்க மட்டும் போர்த் தண்ணீர். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கெட்டிப்படத்தான் செய்யும். சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணீர்தான் வேண்டும், துவைக்கவும் மாட்டுக்கொட்டகை கழுவவும் போர்த் தண்ணீர் இருக்கட்டும். கையில் குடத்தோடு நிற்கிறவளிடம் இதைச் சொன்னால் போதாது. குழாய் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தெருவில் இன்னும் இரண்டு குடம் வைக்க இடம் வேண்டும். கிராம சபையில் பெண்களே எழுந்து கேட்ட பிறகு எங்கள் தெருவில் நேரம் கூட்டி விடுகிறார்கள்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது. பிரஷர் பட்டை கட்டுவது முழங்கைக்கு மேலே. ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுத்தான் கட்டணும். ஒரு இளம்பெண்ணுக்குக் கையை ஏற்றினேன், நாலு விரல் தடம், பக்கத்தில் பெருவிரல் தடம். நீலம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "அடிபம்புல வழுக்கிட்டேன்" என்றாள், நான் கேட்காமலேயே. நான் மற்றக் கையில் கட்டினேன். "எடை போடணும், நாளைக்கு அங்கன்வாடிக்கு வா பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

வந்தாள். எடை போட்டேன். அப்புறம் பேசினாள். இரண்டு வருஷக் கதை. எனக்கு அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு போலீசுக்குப் போகணும் போல இருந்தது. அவள் வேண்டாம் என்றாள். அதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல நாள் ஆனது. உயிர் அவளுடையது, எப்போது எந்தக் கதவைத் தட்டினால் தாங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். நான் செய்தது கொஞ்சம்தான். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடமாகச் சொல்ல வைத்தேன், காகிதத்தில் எழுதிக் கொடுக்கவில்லை, அது யார் கையிலாவது சிக்கும். பெண்களுக்கான சகி மையத்தில் வைத்தியம், ஆலோசனை, வக்கீல் உதவி, போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், அவசரத்துக்கு அஞ்சு நாள் வரை தங்கவும் முடியும் என்று சொன்னேன். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி வீட்டை விட்டு வெளியேறாமலேயே பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம், புருஷன் வீட்டில் இருக்கிற உரிமை அவளுக்கு உண்டு என்பதைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கிளம்பினால் திரும்ப முடியாது என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள். ஆதார், ரேஷன் கார்டு நகல், பேங்க் பாஸ்புக் மூன்றையும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

நாலு மாதம் கழித்து ஒரு ராத்திரி அவளே 181-க்குப் பேசினாள். மறுநாள் சகி மையத்துக்குக் கூடப் போனது நானும் குழுத் தலைவியும். இப்போது அதே வீட்டில்தான் இருக்கிறாள். வழக்கு நடக்கிறது. அடி நின்றிருக்கிறது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், மாதாமாதம் இரண்டு கையிலும் பட்டை கட்டிப் பார்க்கிறேன்.

குழாயடியில் நான் சத்தமாகச் சொல்லி அவமானப்படுத்தினேனே, அந்தச் சுகர் பெண். போன புளி சீசனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. "மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள், புளியைப் பார்த்தபடியே. நான் மன்னிப்புக் கேட்டேன். கொட்டையை எடுத்து என் பக்கத்துக் குவியலில் போட்டாள். கர்ப்பத்துக்கு முன்பே சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் குழந்தைக்கு நல்லது, அதற்குத் தனியாக டாக்டரம்மாவிடம் பேசலாம் என்றேன். தலையாட்டினாள்.

வருகிற வியாழக்கிழமை போகிறாள். ஏழே கால் பஸ். கூடப் போவது நான் இல்லை, மஞ்சப்பை அக்கா. "எந்த ரூம், எந்த வரிசைன்னு எனக்குத் தெரியும், நீ சாயந்தரம் என் மாட்டைக் கறந்துடு" என்று நேற்றே சொல்லிவிட்டுப் போனார்.